பீட்ரூட் தண்ணீர்

அந்தத் தவக்காலத்தில் கோபத்தை விட்டுவிடுவதென்று அமலராணி நேர்ந்துகொண்டாள். கறி மீனை விடுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. டூட்டி நாட்களில் பாதி, தயிர்சாதத்தோடுதான் ஓடும். கோபத்தை விடுவதுதான் உண்மையான ஒறுத்தல் என்று தோன்றியது. விபூதி புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்து கணவர் ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், நல்ல விஷயம், தனக்கும் நிம்மதி என்றார். அப்போதே சுருக்கென்றது. அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே பாத்திரம் கழுவும் மிஷின் ஒழுக ஆரம்பித்தது.

அந்த மிஷினை அவள் சாதாரணமாக நினைக்கவில்லை. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் அவள். நோயாளிக்கு நோயாளி கையைக் கழுவிக் கழுவி, மருந்துத் தண்ணீரைத் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துப்போயிருந்தது. தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆஸ்பத்திரியில் கழுவுவதைத் தவிர்க்க முடியாது, வீட்டிலாவது சோப்பில் கை வைக்காதீர்கள். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மாள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பிறகு வந்த யாரும் மாதம் முழுக்க நிற்கவில்லை. விஷயம் தெரிந்து பெங்களூரிலிருந்து மகன் ஆஸ்டின் அந்த மிஷினை வாங்கி அனுப்பினான். முதலில் அவளுக்கு நம்பிக்கையில்லை. சாம்பார் குண்டானும் அடிப்பிடித்த பால் சட்டியும் இதற்குள் எப்படி வெளுக்கும் என்று கேட்டாள். போட்டுப் பார்த்தாள். வெளுத்தது. விரல் வெடிப்புகள் மெல்ல மூடிக்கொண்டன. இந்த வீட்டில் முகம் சுளிக்காமல் வேலை செய்வது இது ஒன்றுதான் என்று வார்டில் கூட வேலை பார்க்கும் சுபஸ்ரீயிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்று டூட்டி முடிந்து வந்து அடுப்படியில் கால் வைத்தவள் வழுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். மிஷினின் முன்னால் குளம் கட்டியிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரப்பர் போயிடுச்சு" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டாள். கதவுக்குக் கீழேதானே தண்ணி நிற்கிறது, கதவு ரப்பராகத்தான் இருக்கும் என்றார். அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பொன்மலைப்பட்டியில் கட்டிய இந்த வீட்டில், ஓய்வுக்குப் பிறகு அவர் கை படாத சாமான் இல்லை. அவர் ரிப்பேர் பார்த்த மிக்ஸி அதன் பிறகு லாரி மேடேறுகிற சத்தத்தோடுதான் சட்னி அரைத்தது. ஹால் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. அவருடைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே நல்லது.

கம்பெனிக்கு போன் போடலாமே என்றாள் அமலராணி. ஒரு ரப்பருக்காகக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டால் பொன்மலையில் தன் பெயர் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். பொன்மலைக்கு இது எப்படித் தெரியப்போகிறது என்று அவள் நினைத்தாள். கேட்கவில்லை. தவக்காலம்.

மறுநாள் கதவைச் சுற்றியிருந்த ரப்பரை உருவி, கழுவி, வெயிலில் காய வைத்து, திரும்பவும் அதன் பள்ளத்தில் பதித்தார். மிஷினை முதுகால் முட்டி இருந்த இடத்துக்கே தள்ளினார். ஓட்டினார். ஒழுகியது. அடுத்த நாள், மிஷின் மட்டமாக இல்லை, அதனால்தான் கதவோரம் தண்ணி வழிகிறது என்றார். தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி வந்து மேலே வைத்து, காலுக்கடியில் அட்டையை மடித்துக் கொடுத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை தரையில் படுத்து எழுந்தார். மிஷின் மேசைபோல் மட்டமாக நின்றது. ஒழுகியது. அதற்கடுத்து அடித்தகட்டைக் கழற்றினார். பிறகு பின்தகட்டை. அமலராணி டூட்டியிலிருந்து திரும்பும்போது அடுப்படித் தரையில் ஸ்க்ரூக்கள் பரப்பிக் கிடக்கும். நடுவில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் பூட்டி, மிஷினைச் சுவரோடு சுவராகத் தள்ளிவிடுவார். அடுப்படி சின்னது, ஒரு அங்குலம் முன்னால் நின்றாலும் இடிக்கும்.

இதற்கிடையில் பாத்திரங்கள் தொட்டியில் சேர்ந்தன. அந்த விஷயத்தில் ஸ்தனிஸ்லாஸ் செய்த ஒரே உதவி, அவற்றை ஊறப்போட்டதுதான். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, "ஊற வச்சிருக்கேன் அமலா" என்று ஒரு பெரிய வேலையை முடித்தவர்போல் சொல்லிவிட்டு வருவார். ஊறியதை யார் தேய்ப்பது என்ற கேள்வி அவருக்கு எழுந்ததே இல்லை. அமலராணி தேய்த்தாள். ரப்பர் கையுறை போட்டால் உள்ளே வேர்த்து எரிச்சல் அதிகமானது. கழற்றிவிட்டுத் தேய்த்தாள். மூடியிருந்த வெடிப்புகள் திறந்துகொண்டன. வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பினால், அவள் கட்டை விரலிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானமே கம்பெனிக்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்தாள். மறுநாள் ஆள் வருவார் என்றார்கள். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வார்டு ரவுண்ட்ஸ் முடிந்ததும் வராந்தாவில் நின்று திரும்பக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, புகார் ரத்தாகிவிட்டதே மேடம் என்றாள். யார் ரத்து செய்தது? வாடிக்கையாளர்தான்; பதிவான எண்ணுக்கு நாங்கள் கூப்பிட்டோம், பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஆள் வேண்டாம் என்று சார் சொன்னார். மறுபடி பதிவு செய்தால் செவ்வாய்க்கிழமைக்கு மேல்தான் ஆள் கிடைப்பார்.

பதிவான எண் ஸ்தனிஸ்லாஸுடையது. மிஷின் வந்து இறங்கிய அன்று வீட்டில் இருந்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். தெருவிலிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். ஜெபம் முடிந்ததும் டிபன் கொடுத்தாக வேண்டும். தட்டும் டம்ளருமாக எவ்வளவு விழும் என்று பஸ்ஸில் வரும்போதே அவளுக்குக் கண்ணுக்குள் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கம்பெனிக்காரங்ககிட்ட ஆள் வேணாம்னு சொன்னது நீங்களா?"

அவர் மிஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "கிட்டத்தட்ட முடிச்சிட்டேன் அமலா. இன்னும் ஒரு நாள்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நான்தான்." ஸ்க்ரூ டிரைவரைக் கைலியில் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது. "பின்தகட்டுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. கழட்டறப்போ கிழிஞ்சிடுச்சு. வர்றவன் அதைப் பாத்தா வாரண்டி இல்லம்பான். ஆஸ்டினுக்குத் தெரிஞ்சிடும். புள்ள ஆசையா வாங்கி அனுப்புனதை அப்பன் கெடுத்துட்டான்னு ஆயிடும்ல."

அதைக் கேட்டு அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு தொட்டியைப் பார்த்தாள். காலைத் தட்டு, மத்தியானத் தட்டு, குழம்புச் சட்டி, பால் பாத்திரம், எல்லாம் ஊறிக்கொண்டிருந்தன. இரண்டு கையையும் விரித்து லைட்டுக்கடியில் நீட்டினாள்.

"என் கையைப் பாருங்க. நல்லாப் பாருங்க. இந்த மிஷினைக் கழட்டிப் பூட்டுன நேரத்துக்கு, நீங்க இந்தத் தெருப் பாத்திரத்தையே கழுவி முடிச்சிருக்கலாம். ஒரு டம்ளர். ஒரே ஒரு டம்ளர் கழுவுனீங்களா?"

அவள் கையில் எடுத்த எவர்சில்வர் தட்டைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டாள். வைத்தாள் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தவக்காலம் தொடங்கி மூன்றாவது வாரத்தில் ஒறுத்தல் முறிந்தது. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. எழுந்ததிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் அடுப்படிப் பக்கமே வராமல் தோட்டத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியைக் குடித்துவிட்டு அமலராணி மிஷினுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வார்டில் யாராவது கட்டு நனைந்திருக்கிறது என்று ஓடி வந்தால், அவள் முதலில் கேட்பது மூன்றே விஷயம்: எங்கிருந்து, எப்போதிருந்து, என்ன நிறம். அதற்குப் பிறகுதான் யாரையும் கட்டைப் பிரிக்க விடுவாள். இத்தனை நாளாக இந்த மிஷினைப் பிரித்துப் போட்டார்களே தவிர, கசிவது என்ன தண்ணீர் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவளும்தான்.

கணவரைக் கூப்பிட்டாள். தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது என்று கேட்டாள்.

"தண்ணி கலர்லதான்" என்றார்.

சோப்பு வாடை அடித்ததா, எண்ணெய் மிதந்ததா என்று கேட்டதற்கு, தான் அதை மோந்து பார்க்கவில்லை என்றார். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பட்ட பேச்சு இன்னும் ஆறவில்லை.

காய்கறிக் கூடையில் பீட்ரூட் குவிந்திருந்தது. காந்தி மார்க்கெட்டுக்கு அவரைத் தனியாக அனுப்பினால் அப்படித்தான். மலிவாகக் கிடைத்தது என்று எதையாவது மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். வாங்கியபோது எரிச்சலாக இருந்தது. இப்போது அதில் இரண்டைத் துருவிக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ரத்தச் சிவப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்தாள். பழைய பேப்பரை விரித்து ஒட்டடைக் கம்பால் மிஷினுக்கு அடியில் தள்ளினாள். சிவப்புத் தண்ணீரை மிஷினின் அடிக்குழியில் ஊற்றிக் கதவைச் சாத்தி ஓட்டினாள். மிஷின் கிர்ரென்று ஒரு மூச்சு விட்டு, ஊற்றியது மொத்தத்தையும் வெளிக்குழாய் வழியாகத் துப்பிவிட்டது.

"முதல்ல பழைய தண்ணியை வெளிய தள்ளிட்டுத்தான் புதுத் தண்ணி எடுக்கும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ், கதவில் சாய்ந்துகொண்டு.

"இதை ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே."

அமலராணி மூச்சை இழுத்து விட்டாள். இன்னும் இரண்டு பீட்ரூட்டைத் துருவினாள். இந்தத் தடவை மிஷின் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்து, நிறுத்திக் கதவைத் திறந்து, சொம்பைக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கடியில் பேப்பரின் ஓரம் கறுத்தது. ஈரம் பரவி முன்னால் வந்து சொட்டாகத் திரண்டது. அவள் கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து அதில் ஒற்றினாள்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

மிஷினை நிறுத்திக் கதவைத் திறந்தாள். உள்ளே வெட்டுக்குத்து நடந்த இடம்போல் சுவரும் கூடையும் சிவந்து கிடந்தன. வெளியே வந்த தண்ணீரில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"ரப்பர் இல்ல. மட்டமும் இல்ல. அடியில இருக்கற மோட்டாரும் இல்ல" என்றாள். "உள்ள போன தண்ணி வெளிய வரல. உள்ள போகாத தண்ணிதான் வந்துட்டிருக்கு."

அவர் பஞ்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள போகாத தண்ணின்னா எந்நேரமும் ஒழுகணுமே. மிஷின் ஓடுனாத்தானே ஒழுகுது?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அவள் யோசித்தாள். தொட்டிக்கடியில் மிஷினுக்கென்று தனியாக வைத்த குழாய்த் திருகு கண்ணில் பட்டது.

"அந்தக் குழாயை எப்ப திறக்கறீங்க?"

"மிஷின் போடறப்போ. முடிஞ்சதும் மூடிடுவேன். நான் மூடாம விட்டதே கெடையாது, ஒர்க்‌ஷாப்ல அப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். கண் இரண்டும் மெல்ல அந்தக் குழாய்ப் பக்கம் போயின.

அமலராணி மிஷினின் சுவிட்சையே அணைத்தாள். தரையைத் துடைத்துப் புதுப் பேப்பர் தள்ளினாள். குழாயை மட்டும் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். மிஷின் செத்ததுபோல் கிடந்தது. தண்ணீர் வந்தது.

இரண்டு பேருமாக மிஷினை முன்னால் இழுத்தார்கள். குழாயிலிருந்து மிஷினுக்குப் போகும் பிளாஸ்டிக் ஓஸ், சுவருக்கும் மிஷினுக்கும் நடுவில் நசுங்கி, மடிந்த இடத்தில் வெளுத்து, வாயைப் பிளந்திருந்தது. பிளவிலிருந்து தண்ணீர் சுவரோடு இறங்கி, தரை வாட்டத்தில் மிஷினுக்கு அடியிலேயே ஓடி, கதவுக்குக் கீழே தலைகாட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது மிஷினை நகர்த்தித் திரும்பத் தள்ளியது யார் என்பதும், இந்த வாரம் முழுக்கத் தினமும் முதுகைக் கொடுத்துச் சுவரோடு முட்டியது யார் என்பதும் இருவருக்கும் தெரியும். சொல்ல வேண்டியது எல்லாம் அவள் வாய்வரை வந்தது. அவர் அந்தப் பிளவின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு குந்தியிருந்த கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அவரே வாயைத் திறந்து அதைக் கெடுத்தார். "சைக்கிள் டியூபை இறுக்கமா சுத்தி, மேல ஒரு கம்பி போட்டா..."

"புது ஓஸ் வாங்கிட்டு வாங்க."

பாலக்கரையில் நஜிமுதீன் கடையில் எல்லா ஓஸும் கிடைக்கும் என்று கிளம்பினார். பழைய ஓஸைக் கழற்றிப் பையில் வைத்துக் கொடுத்தாள். அளவு கண்ணிலேயே நிற்கிறது, ஒழுகுகிற சனியனை எதற்குச் சுமந்துகொண்டு போவது என்று அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். வெயில் ஏறித் திரும்பி வந்தவர் கொண்டுவந்த ஓஸ் ஒரு முழம் குறைவாக இருந்தது. மிஷினைத் தொட்டிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் எட்டிவிடும் என்றார். நடுவில் தொட்டி மேடையைத் தாங்கும் சுவர் இருக்கிறது என்று அமலராணி காட்டினாள். நஜிமுதீனுக்கு போன் போட்டால், நீளமானது திங்கட்கிழமைதான் வரும் என்றார்.

சுபஸ்ரீயின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டிலும் இதே மாதிரி மிஷின். கூப்பிட்டு நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். சுபஸ்ரீ சிரித்து முடித்துவிட்டு, "அக்கா, எங்க வீட்டுப் பரண்ல நீளமா ஒண்ணு சும்மா கெடக்கு. அடுப்படியை மாத்துனப்போ மிச்சமானது. வந்து எடுத்துக்கங்க" என்றாள்.

மரை சரியாகச் சேருமா என்று நேரில் பார்த்தாக வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸும் கிளம்பினார். அவருடைய ஸ்கூட்டர்தான் அவர் ரிப்பேர் பார்த்ததிலிருந்து கிளம்புவதில்லையே. அமலராணியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேசாமல் வரலாம். காந்தி மார்க்கெட்டில் லாரிக்குப் பின்னால் போகாதே என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் வளைகிறது பார் என்றார். காவிரிப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஓரமாகப் போ என்றார். கீழே மணலுக்கு நடுவில் ஒற்றை வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் பார்த்தபடியே அவள் நடுவில் போனாள்.

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு. சுபஸ்ரீ காபி போட உள்ளே போனாள். அவள் கணவன் சித்தார்த்தன் பரணிலிருந்து ஓஸை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே, எப்படி சார் கண்டுபிடிச்சீங்க என்று மரியாதைக்குக் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"முதல்ல பாக்க வேண்டியது தண்ணி என்ன கலர்ங்கறதைத்தான்" என்று ஸ்தனிஸ்லாஸ் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எல்லாரும் என்ன பண்ணுவாங்க, எடுத்த உடனே கழட்டிடுவாங்க. அது தப்பு."

அமலராணி அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பீட்ரூட்டைத் துருவுவதிலிருந்து, மிஷின் முதலில் துப்பிவிடும் என்பதை மறக்கக் கூடாது என்பதுவரை விலாவாரியாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நாங்க' என்றே சொன்னதுதான் அவர் காட்டிய ஒரே நாணயம். காபித் தட்டோடு வந்த சுபஸ்ரீ, சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை வைத்துவிட்டுத் திரும்ப அடுப்படிக்குள் போய்விட்டாள். தங்கள் மிஷினில் கண்ணாடி டம்ளரெல்லாம் வெள்ளை பூத்து வருகிறது என்று சித்தார்த்தன் சொன்னான்.

"திறந்து பாத்துடுவோமே. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

அமலராணி பாதிக் காபியோடு எழுந்து நின்றாள். "உப்புத்தண்ணிக்கு அப்படித்தான் பூக்கும், மிஷினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நாங்க போயிட்டு வரோம்."

ஓஸை மாட்டும் வேலையை ஸ்தனிஸ்லாஸ் ஒழுங்காகவே செய்தார். அதையும் சொல்ல வேண்டும். வாசரைத் தண்ணீரில் நனைத்து உட்கார வைத்து, மரையைக் கையாலேயே கடைசிவரை திருகி, ஸ்பேனரால் அரைக்கால் சுற்றுக்கு மேல் இறுக்காமல் விட்டார். இறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு வெடிக்கும் என்றார். ஓஸை மடிப்பு விழாமல் பெரிய வளையமாகச் சுற்றினார். ஒரு மரக்கட்டையை அளவாக அறுத்து, இனி யார் முட்டினாலும் மிஷின் சுவரைத் தொடாதபடி பின்னால் கொடுத்தார். அந்த நேரத்தில் அவர் பேசவில்லை. கை நிதானமாக இருந்தது. இந்த மனிதரை இன்ஜின் பிரிவில் ஏன் மதித்தார்கள் என்பது அமலராணிக்குத் தெரிந்தது. இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை.

குழாயைத் திறந்துவிட்டு ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கும் நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் காய்ந்தே கிடந்தது. மிஷினை ஓட்டினார்கள். அப்போதும் காய்ந்தே கிடந்தது. இப்போது மிஷின் ஒரு அங்குலம் முன்னால் நின்றது. அடுப்படிக்குள் போகும்போது இடுப்பை ஒடுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மகனுக்கு அவளே போன் செய்து, ஓஸ் பிளந்துவிட்டது, மாற்றிவிட்டோம் என்றாள். ஸ்டிக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அன்பியக் கூட்டத்துக்கு வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். ஜெபம் முடிந்து, இடியாப்பமும் கொண்டைக்கடலைக் குருமாவும் சாப்பிட்டார்கள். மிஷினைப் பார்க்க வேண்டும் என்று சில பெண்கள் அடுப்படிக்கு வந்தார்கள். பீட்ரூட் கறை பிளாஸ்டிக்கில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு தடவை ஓட்டியும் போகவில்லை. உள்ளே ரோஸ் கலராக இருக்கிறதே, அப்படித்தான் வருமா என்று ஒருத்தி கேட்டாள். புது மாடல் என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

கூட்டம் கலைந்ததும் அமலராணி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமே மிஷின்ல பாத்திரம் அடுக்கறது உங்க வேலை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டூட்டி போட்டுக் கொடுக்கிற குரலில் சொன்னாள்.

அவர் மறுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போய் அடுக்கினார். ஹாலிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது: தட்டுகளை முதுகு காட்டி வைக்கிறார். டம்ளர்களை நிமிர்த்தி வைக்கிறார், தண்ணீர் தேங்கும். குருமா வைத்த பெரிய இருப்புச் சட்டியை அடிக்கூடையில் திணித்து, பிடி எங்கேயோ முட்டிக்கொண்டிருக்க, கதவை அழுத்திச் சாத்துகிறார். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். அவர் குழாயைத் திறந்து, பொத்தானை அழுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே டக், டக், டக் என்று இடிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்று எழுந்தவர், அலமாரிக்குப் போய் ஸ்பேனரைத் தேடினார்.

"அதெல்லாம் வேணாம். நிறுத்திட்டுக் கதவைத் திறங்க. சட்டிப் பிடியில தண்ணி அடிக்கற கை இடிக்குது. அதை வெளிய எடுத்தா போதும்."

அவர் போனார். சத்தம் நின்றது. கதவு திறக்கும் சத்தம், தரையில் சட்டியை வைக்கும் சத்தம், மறுபடி மிஷின் ஓடும் சத்தம். சீராக ஓடியது. பிறகு வெகுநேரம் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஊறப்போட்டுவிட்டு வரப்போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

"அமலா" என்று குரல் வந்தது. "தேய்க்கற நார் எங்க இருக்கு?"

கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஜன்னல் கட்டையில" என்றாள். "உங்க கண்ணுக்கு நேரா."